குதிரைச் சந்தைக்குப் போகலாமா?

ஆடி மாதம் பிறந்தால் போதும், ஈரோடு மாவட்டம் அந்தியூரை நோக்கிக் குதிரைகள் கிளம்பிவிடும்! அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் இருக்கிறது. அங்கே ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் தமிழ்நாட்டில் மிகவும் பெயர்பெற்றவை. திப்பு சுல்தானின் படைக்கே இங்கிருந்து குதிரை வாங்கினார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

ராஜஸ்தானின் மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி என்று பல இனக் குதிரைகளை இங்கே பார்க்கலாம். இந்த இரண்டையும் கண்டுபிடிப்பது சுலபம். காதுகள் உள்பக்கமாக வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொடுவதுபோல் இருக்கும்.

சந்தையில் கூட்டம் எங்கே அதிகம் தெரியுமா? சலங்கை கட்டி, மேளத்துக்கு ஏற்ப ஆடும் குதிரையைச் சுற்றித்தான்! ஆனால், குதிரையேற்றம் பழகுகிறவர்கள் அலங்காரத்தை மட்டும் பார்த்தால் போதாது. வேறு என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

காது சொல்லும் சேதி

குதிரையின் மனநிலையை அதன் காதுகள் காட்டிவிடும். காதுகள் முன்பக்கம் நிமிர்ந்திருந்தால், எதையோ ஆர்வமாகக் கவனிக்கிறது. பின்னால் மடங்கிக் கழுத்தோடு ஒட்டியிருந்தால் கோபமாக இருக்கிறது. அப்போது கிட்டே போகாதீர்கள்.

குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்துவிடும். ஆனால், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது அதற்குத் தெரியாது. பின்னால் போய் நின்றால் பயந்து உதைத்துவிடும். உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, பெரியவர்கள் துணையோடு, மெல்லப் பேசிக்கொண்டே தோள்பட்டைப் பக்கமாகத்தான் நெருங்க வேண்டும்.

பல்லும் உயரமும்

வியாபாரிகள் குதிரையின் வாயைத் திறந்து பார்ப்பார்கள். எதற்கு? வயதைத் தெரிந்துகொள்ளத்தான்! குதிரைக்கும் நம்மைப்போல் பால்பற்கள் விழுந்து முளைக்கும். ஏறத்தாழ இரண்டரை வயதில் முன்பற்கள் விழத் தொடங்கும். 5 வயதில் நிலைப்பற்கள் எல்லாம் வந்துவிடும். வயது ஏற ஏற முன்பற்கள் நீண்டு, முன்னோக்கிச் சாயும்.

உயரத்தைத் தரையிலிருந்து, கழுத்தும் முதுகும் சேரும் மேடுவரை அளப்பார்கள். அதைச் சொல்வது 'கை' கணக்கில். 1 கை என்றால் 4 அங்குலம். ஒரு குதிரை 14.2 கை என்றால், 14 கையும் 2 அங்குலமும் என்று அர்த்தம். அதாவது 58 அங்குலம். இதற்குக் குறைவானவற்றைப் பொதுவாக மட்டக்குதிரை என்பார்கள்.

காலைக் கவனியுங்கள்!

எல்லாவற்றையும்விட முக்கியம் கால்தான். குதிரையைக் கெட்டியான தரையில், நேர்கோட்டில் மெதுவாக ஓடவிடச் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்போது அதன் தலையைக் கவனியுங்கள். முன்னங்கால் ஒன்றில் வலி இருந்தால், அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் குதிரை தலையை மேலே தூக்கும். குளம்பில் வெடிப்பு இருக்கிறதா, லாடம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சுழி பொல்லாததா?

நம் ஊரில் குதிரை வாங்குகிறவர்கள் பலர் முதலில் பார்ப்பது சுழியைத்தான். இந்த இடத்தில் சுழி இருந்தால் ராசி, அந்த இடத்தில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்புகிறார்கள். இதனால், நன்றாக ஓடக்கூடிய குதிரைகூட விலை போகாமல் நின்றுவிடும். ராசியான சுழி இருக்கிறதே என்று, கால் சரியில்லாத குதிரையை அதிக விலை கொடுத்து வாங்கி ஏமாறுகிறவர்களும் உண்டு.

சுழி என்பது என்ன? ரோமம் வட்டமாகச் சுற்றி வளர்ந்திருக்கும் இடம், அவ்வளவுதான். உங்கள் உச்சந்தலையிலும் ஒன்று இருக்கிறதே, தடவிப் பாருங்கள்! ஒரு குதிரையின் சுழிகள்போல் இன்னொன்றுக்கு அப்படியே அமைவது அரிது. அதனால் வெளிநாடுகளில் போட்டிக் குதிரைகளின் அடையாளச் சான்றில் சுழிகளையும் குறித்துவைக்கிறார்கள். பள்ளிச் சான்றிதழில் நமக்கு மச்சத்தைக் குறிப்பதுபோல!

ஏறலாமா?

சந்தையில் குதிரையைப் பார்த்ததும் ஏற ஆசையாகத்தான் இருக்கும். கூட்டமும் மேளச் சத்தமும் இருக்கும் இடத்தில், பழக்கமில்லாத குதிரை மேல் ஏறுவது ஆபத்து. தலைக்கவசம் அணிந்து, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே ஏறுங்கள். சந்தையில் கண்ணுக்கு மட்டும் வேலை கொடுங்கள்.

குதிரை வாயில்லா ஜீவன். கால் வலித்தாலும், பயமாக இருந்தாலும் அதனால் சொல்ல முடியாது. நாம்தான் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அப்படிப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்தான் நல்ல குதிரை வீரர். என்ன, அடுத்த ஆடிக்கு அந்தியூர் போகத் தயாரா?