கடல்நீர்த் தொட்டியிற் களைகள்

வீட்டிற் கண்ணாடித் தொட்டி அமைத்து, அதிற் கடல்நீர் நிரப்பி, மீனும் பாறையும் மென்பவளமும் வைத்து வளர்ப்போர் நம் நகரில் இன்று பலர் உளர். 1909 ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையிற் பொதுமக்கள் காணக் கடல்மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டதாதலின், இவ்வார்வம் இந்நகருக்குப் புதியதன்று. ஆயினும், அத்தொட்டிக்குள் அழையாது நுழைந்து, ஏனைய உயிர்களை நெருக்கிப் பெருகும் சிலவற்றைப் பற்றித் தொட்டி வைப்போர் பலர் காலங்கடந்தே அறிகின்றனர். அவற்றின் இயல்பையும் அவற்றை அடக்கும் வழிகளையும் ஈண்டுச் சுருங்க எழுதப் புகுந்தோம்.

யானைக்கவுனியில் எம் நண்பர் ஒருவர் இல்லத்தில் நான்கடி நீளமுள்ள தொட்டி ஒன்று உண்டு. ஒரு நாள், பாறையிடுக்கில் ஒளி ஊடுருவும் பழுப்பு நிற உடலோடு சிறு பூவொன்று விரிந்திருக்கக் கண்டு அவர் மகிழ்ந்தார். அது பூவன்று, ஐப்டேசியா என்னும் கடற்சாமந்தி. சில திங்களில் ஒன்று பலவாகிப் பாறையெங்கும் பரவிற்று. வெறுப்புற்ற நண்பர் கத்தியாற் சுரண்டினார். அவை முன்னிலும் மிகுந்தன. பின்னர், "பாறைகளை எடுத்துக் காசிமேட்டுக் கடலிற் கொட்டிவிட்டால் என்ன?" என்று எம்மை வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

முதற்கண், சுரண்டியதனால் அவை மிகுந்தது ஏன்? கடற்சாமந்தியும் பவளமும், விலங்கியல் வகுப்பில் நாம் காணும் ஹைடிராவும், குழியுடலிகள் என்னும் ஒரே பெருங்குலத்தைச் சார்ந்தவை. ஹைடிராவைத் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் முழு உயிராய் வளர்வதை டிரெம்பிளே என்னும் அறிஞர் 1744 ஆம் ஆண்டில் நூல் வாயிலாக விளக்கினார். ஐப்டேசியாவும் அத்தகையதே. அது நகரும்போது அதன் அடித்தட்டினின்று சிறு துணுக்குகள் பிரிந்து பாறையில் தங்கும். ஒவ்வொரு துணுக்கும் கைகள் முளைத்துத் தனியுயிராகும். கத்தி கொண்டு சுரண்டுவோன் அறியாமலே விதை தூவுகின்றான். மேலும், அதன் உடலினுள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு அதற்கு உணவு ஆக்கித் தருகின்றன. மீனுக்கு இட்டு எஞ்சிய இரையும் அதற்கு உணவாகும். தீண்டினால் கொட்டும் நுண்ணிழைகளை வெளிவிட்டு, இடுக்கினுள் ஒடுங்கிவிடும். இக்கொட்டினால் அண்டை உயிர்கள் நலிகின்றன.

முள்மரத்தை இளையதாய் இருக்கும்போதே களைக என்பது வள்ளுவர் அறிவுரை. களையைப் பறிக்குங்கால் கோதுமையும் உடன் பெயரக்கூடும், ஆதலின் பொறுத்திருங்கள் என்பது சுவிசேஷ உவமையிற் காணும் வீட்டெஜமானின் கட்டளை. தொட்டி வைப்போர்க்கு இவ்விரண்டும் வேண்டும். ஒன்றே தோன்றிய காலத்து உடனே நீக்குக. பலவாய்ப் பெருகிய பின்னர் பதறிப் பிடுங்காது, பொறுமையோடு படிப்படியாக ஒடுக்குக.

ஒடுக்கும் வழிகள் மூன்று. முதலாவது சுண்ணாம்பு. தூய நீற்றுச் சுண்ணாம்பை, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடை, சிறிது நீர்விட்டுக் கூழாக்கி ஊசிக்குழலில் எடுத்துக்கொள்க. வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு ஆகாது. நீரைச் சுழற்றும் பம்பை நிறுத்தி, கடற்சாமந்தி விரிந்திருக்கும் வேளையில் அதன் வாயருகே மெல்லச் செலுத்தி, உடல் முழுதும் மூடும்படி இடுதல் வேண்டும். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை உயர்த்துமாதலின், ஒரு நாளிற் சிலவற்றிற்கு மட்டுமே இடலாம். மிகுந்தால் மீன்கள் மடியும். கையுறையும் கண்ணாடியும் அணிதல் நன்று.

இரண்டாவது, பகையைப் பகையால் வெல்லுதல். லிஸ்மாட்டா இனத்து இறால்களுட் சில ஐப்டேசியாவை உண்ணும். பெர்கியா என்னும் ஓடற்ற சிறு கடல் நத்தையோ அதனையன்றி வேறொன்றையும் உண்ணாது. ஆதலின் இரை ஒழிந்தவுடன் தானும் ஒழியும். செப்புநிறப் பட்டைகளும் நீண்ட வாயும் உடைய வண்ணத்துப்பூச்சி மீனும் இதனைத் தின்னும். ஆனால் அம்மீன் வேறு இரை ஏலாது மெலிந்து இறப்பதும் உண்டு.

மூன்றாவது வழி எல்லாவற்றினும் எளிது. ஆயினும் பெரும்பாலோர் செய்யாதது. புதிதாய் வாங்கிய கல், சிப்பி, பவளம் எதையும் நேரே தொட்டியில் இடாது, சில வாரங்கள் தனிக்கலத்தில் வைத்து நோக்குதலும், இரையை அளவோடு இடுதலுமே அவ்வழி.

இனி, நாமே விரும்பி வைக்கும் மென்பவளங்களுட் சிலவும் களையாவதுண்டு. கைபோல் விரிந்து மூடும் செனியாவும், பச்சைப் பாய்போற் படரும் கிளாவுலேரியாவும் அத்தகையன. இவற்றை மற்றப் பாறைகளைத் தொடாத தனிக்கல்லில் வைத்தாற் பரவுதல் குறையும். சோவாந்தஸ் என்னும் பொத்தான் பவளங்களிடத்து இன்னும் மிக்க எச்சரிக்கை வேண்டும். இவ்வினத்துட் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடுநஞ்சு உண்டு. ஹவாய்த் தீவில் எடுத்த உயிரினின்று அதனைப் பிரித்த செய்தி 1971 இல் வெளியாயிற்று. இவை ஒட்டிய கல்லை வெந்நீரிலிட்டுக் கொதிக்க வைத்தவர் வீடுகளில், ஆவியை உட்கொண்டோர் மூச்சுத்திணறலுற்று மருத்துவமனை சேர்ந்த நிகழ்ச்சிகள் மேல்நாடுகளில் உண்டு. ஆகவே அக்கல்லைக் கொதிக்க வைத்தலும், வெறுங்கையாற் சுரண்டுதலும் ஒருபோதும் ஆகா.

சட்டத்தையும் நினைவிற் கொள்க. 2001 ஆம் ஆண்டு முதல், பாறை கட்டும் வன்பவளங்கள் அனைத்தும் நம் நாட்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டுள்ளன. மன்னார் வளைகுடாப் பவளத்துண்டு எத்துணைச் சிறியதாயினும் அதனை வீட்டில் வைத்தல் குற்றமாம்.

இனி நண்பர் வினாவிற்கு வருவோம். வேண்டாத உயிரைக் கடலுக்கே திருப்பி அளித்தால் என்ன? கடல் ஒன்றே போலத் தோன்றினும், ஒவ்வொரு கரையும் தனக்குரிய உயிர்களை உடையது. கிழக்குக் கடல்களுக்குரிய மென்பவளம் ஒன்று, தொட்டி வாணிகத்தின் வழியே வெனிசுவேலா நாட்டுக் கரையை அடைந்து, மொச்சிமா தேசியப் பூங்காவிற் பவளப்பாறைகளைப் போர்வைபோல் மூடியமை அறிஞர் கண்டது. அவ்வளவு தூரம் செல்வானேன்? அமெரிக்கக் கரைகளுக்குரிய ஒரு சிப்பி, கப்பல்களின் நிலைப்புநீரோடு வந்ததாகக் கருதப்படுவது, எண்ணூர்க் கழிமுகத்தின் தரையை மூடிப் பரவியுள்ளது. மீனவர் அதனைக் காக்கா ஆழி என்பர். அது படர்ந்த இடத்தில் மஞ்சள் மட்டி மறைந்தது. சேற்றிற் கைவிட்டு இறால் பிடித்து வாழ்வோர் பிழைப்பு இழந்தனர். கப்பல் செய்த பிழையைக் கழிமுகத்து எளியோர் சுமக்கின்றனர். யானைக்கவுனிக்கு அணித்தாய்ப் பேசின் பிரிட்ஜ் பக்கம் செல்லும் பக்கிங்காம் கால்வாயும் வடக்கே அவ்வெண்ணூரையே அடைகின்றது என்பதை மறத்தலாகாது.

ஆகவே, களைந்த ஐப்டேசியாவையும் அது ஒட்டிய கல்லையும் கடலிலோ கால்வாயிலோ இடாது, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஒரு நாள் முழுதும் ஊறவைத்து, வெயிலில் நன்கு உலர்த்திக் குப்பையிற் சேர்க்க.

எம் நண்பர் அவ்வாறே செய்தார். சுண்ணாம்பும் இறாலும் கொண்டு ஆறு திங்கள் உழைத்தபின், பாறையில் இப்போது இரண்டொன்றே காணப்படுகின்றன. முற்றும் ஒழிந்தன என்று அவர் கூறவில்லை. காலைதோறும் கண்ணாடியருகே குனிந்து பார்த்துவருகின்றார்.