பாலைக்குள் ஒரு நீர்க்களஞ்சியம்

ஈரான் நாட்டின் நடுவே, இரு பெரும் பாலைகளுக்கிடையில் அமைந்த பழைய நகரம் யஸ்த். ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழை ஏறத்தாழ 60 மில்லிமீற்றர்தான். அத்தகைய ஊரிலே கோடை நண்பகலிலும் குளிர்ந்த நீர் பருகினார்கள் என்றால் வியப்பன்றோ?

நீரைச் சேமித்த கட்டடத்துக்குப் பாரசீகர் இட்ட பெயர் 'ஆப் அம்பார்'. ஆப் என்பது நீர்; அம்பார் என்பது களஞ்சியம். நெற்குவியலை நாம் அம்பாரம் என்கிறோமே, அச்சொல்லும் பாரசீகம் தந்ததே.

நிலத்தடி நீரைத் தொலைவிலிருந்து 'கனாத்' என்னும் சுரங்கக் கால்வாய் வழியே கொணர்ந்து, குளிர்காலத்தில் தொட்டியை நிரப்புவர். தொட்டி மண்ணுள் புதைந்திருப்பதால், சூழ்ந்த நிலமே நீரின் அழுத்தத்துக்கு எதிராகச் சுவரைத் தாங்கும். சுண்ணாம்பு, களிமண், சாம்பல், ஆட்டுமயிர், முட்டை வெண்கரு ஆகியவற்றைக் குழைத்த 'சாரூஜ்' என்னும் சாந்து கசிவைத் தடுக்கும். மேலே செங்கற் குவிமாடம். அருகே 'பாத்கீர்' எனப்படும் காற்றுக் கோபுரங்கள். கோபுரத்தால் இறங்கிய காற்று நீர்ப்பரப்பைத் தழுவிச் செல்ல, சிறிதளவு நீர் ஆவியாகி எஞ்சியது குளிரும். ஆறு கோபுரங்கள் கொண்ட தொட்டியொன்று யஸ்தில் இன்றும் நிற்கிறது. கஸ்வீன் நகரிலே 1812இல் சர்தார் சகோதரர் இருவர் எழுப்பிய தொட்டியோ, ஒரே குவிமாடத்தின்கீழ் ஏறக்குறைய 3000 கன மீற்றர் நீர் கொள்ளத்தக்கது.

இக்கட்டடங்களைப் புகழ்வோர் படிக்கட்டுகளை எளிதில் மறந்துவிடுகின்றனர். நீர்க்குழாய் தொட்டியின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். அதனால் வண்டல் அடியிலே தங்கிவிடும். ஆனால் அதனை அடைய நெடும்படிகள் இறங்கவேண்டும். இறங்கும்போது குடம் வெறுமை, ஏறும்போது நிறைவு! தேங்கிய நீர் எந்நாளும் தூயதாயிருந்தது என்றும் சொல்வதற்கில்லை.

எனினும், அந்நீர் ஊருக்குப் பொது. செல்வர் பலர் இத்தொட்டிகளை அறக்கொடையாகக் கட்டிவைத்தனர். கி.பி. 680இல் கர்பலாக் களத்தில் ஹுசைன் தாகத்தோடு மாண்டதை மறவாத ஷியா மக்களிடையே, நீர் வழங்குதல் பேரறமாகக் கருதப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் வீடுதோறும் குழாய்நீர் வந்தது. படிகளிலே குடங்கள் மறைந்தன. யஸ்தின் பழந்தொட்டியொன்று மல்லர் பயிற்சிக்கூடமாயிற்று. 2017இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

குழாயில் வரும் நீரின் பெரும்பகுதி இஸ்பஹான் மாநிலத்து ஸாயந்தே ரூத் நதியினது. ஆறு வற்றியது, வயல்கள் காய்ந்தன. 2013இல் அப்பகுதி உழவர் சினந்தெழுந்து யஸ்துக்குச் செல்லும் குழாய்வழியை உடைத்தனர். நகரத்தார் நீருக்குத் தவித்தபோது, அவர்தம் முன்னோரின் நீர்க்களஞ்சியங்கள் வறண்டே கிடந்தன.