அருவியில் எதிர்ப்பட்டவன்

ஊரே தோளில் தூக்கிக் கொண்டாடிய பிறகுதான் நருட்டோவுக்குள் இருந்த வெறுப்பு வெளியே வந்து பேசுகிறது. ஒதுக்கப்பட்ட காலத்தில் வாய் திறக்காத அது, ஊர் அவனை ஏற்றுக்கொண்டதும் திறக்கிறது. மசாஷி கிஷிமொட்டோ எழுதி வரைந்த ‘நருட்டோ’ என்ற மாங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதையில்) மனசைப் புரிந்து எழுதப்பட்ட இடம் எது என்று கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன்.

1999 செப்டம்பரில் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் தொடங்கி 2014 நவம்பரில் முடிந்த தொடர் இது. 700 அத்தியாயங்கள், 72 தொகுதிகள். கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொனோஹா என்ற நின்ஜா கிராமத்தை ஒன்பது வால் நரி தாக்குகிறது. கிராமத் தலைவரான நான்காம் ஹோகாகே தன் உயிரைக் கொடுத்து, அந்த நரியை அன்றுதான் பிறந்த ஒரு குழந்தைக்குள் அடைத்து முத்திரையிடுகிறார். அந்தக் குழந்தைதான் நருட்டோ. அநாதையாக வளர்கிறான். பெரியவர்களுக்கு அவன் வயிற்றுக்குள் இருப்பது என்னவென்று தெரியும். அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது மூன்றாம் ஹோகாகேயின் உத்தரவு. ஆனால் உத்தரவால் வாயைத்தான் அடைக்க முடிந்தது. பெரியவர்களின் பார்வையைப் பார்த்தே பிள்ளைகளும் அவனை வெறுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். காரணம் தெரியாமல் வெறுக்கப்படுவதுதான் அவனுடைய குழந்தைப் பருவம். தன்னைப் பெற்றவர்கள் யார் என்றும் அவனிடம் யாரும் சொல்லவில்லை.

பதினாறு வயதில், கிராமத்தையே தரைமட்டமாக்கிய பெயின் என்பவனை அவன் வெல்கிறான். அதே மக்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூவுகிறார்கள். அதன் பிறகு ஒரு தீவுக்குப் போகிறான். தீவு என்று பெயர், உண்மையில் அது ஒரு ராட்சத ஆமையின் முதுகு. அங்கே ‘உண்மை அருவி’ இருக்கிறது. அதன் முன் உட்கார்ந்து கண்ணை மூடினால், அருவியைப் பிளந்துகொண்டு அவனே வெளியே வருகிறான். அதே முகம், அதே உடை. கண்கள் மட்டும் கறுத்துக் கிடக்கின்றன. வந்தவன் பொய் எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் உன்னைத் துரத்தியவர்கள் இன்று கைதட்டுகிறார்கள், அதை நீ நம்பிவிட்டாயா என்றுதான் கேட்கிறான். அந்தக் கேள்விக்கு நருட்டோவிடம் பதில் இல்லை. சண்டை போட்டுப் பார்க்கிறான். இவனுக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் அவனுக்கும் தெரியும். சண்டை எங்கும் போய்ச் சேரவில்லை.

வழி காட்டுவது இன்னொருவரின் கதை. நருட்டோவைப் போலவே தன் உடலுக்குள் எட்டு வால் மிருகத்தைச் சுமப்பவன் கில்லர் பீ. அவனுடைய பால்ய நண்பன் மோட்டோயின் தந்தையைக் கொன்றது அந்த மிருகம்தான். பழி தீர்க்க, சிறுவனாக இருந்தபோதே மோட்டோய் பீயைக் கொல்லப் பார்த்திருக்கிறான். பீ அதை அறிந்தும் அவனை வெறுக்கவில்லை. மோட்டோய் சொல்லித்தான் இது நருட்டோவுக்குத் தெரிகிறது. மறுபடி அருவிக்கு வருகிறான். இந்த முறை கறுத்த கண்ணனை அடிக்கவில்லை, கட்டிக்கொள்கிறான். நீ இருந்ததால்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன், நீயும் நான்தான் என்கிற பொருளில் பேசுகிறான். அவன் கைகளுக்குள்ளேயே அந்த உருவம் கரைகிறது.

சிறுவர்களுக்கான அதிரடி மாங்காவில், அதுவும் வாரா வாரம் சண்டையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வாசகர்களுக்கு, ஒரு சண்டையை அணைப்பால் முடித்து வைக்க எவ்வளவு துணிவு வேண்டும்! அந்த அணைப்பு எனக்குப் போலியாகத் தெரியாததற்குக் காரணம், கறுத்தவன் கேட்ட கேள்வி பொய்யென்று கதை சொல்லவில்லை என்பதே. வலி நடந்தது நடந்ததுதான். அதைச் சுமந்தவனைத் தன்னிடமிருந்து பிரித்து வைப்பதைத்தான் நருட்டோ நிறுத்துகிறான்.

ஆனால் அணைப்பு போதவில்லை. அருவிக்குப் பின்னாலுள்ள கோயிலில் முத்திரையைத் திறந்து நரியோடு மோதும்போது, அதன் வெறுப்பு அவனை மூழ்கடிக்கிறது. தன் கோபத்தை அவன் ஏற்றுக்கொண்டுவிட்டான். நரியின் கோபமோ பல தலைமுறைக் கணக்கு. அந்த இடத்தில் சிவப்புக் கூந்தலோடு ஒரு பெண் தோன்றுகிறாள். நரி போட்ட வேஷம் என்று அவன் சந்தேகப்பட, பதிலுக்கு மண்டையில் ஓர் அடி விழுகிறது. அவள் குஷினா, அவன் அம்மா. இறக்கும் முன் அந்த முத்திரைக்குள் சேர்த்து வைக்கப்பட்ட அவளுடைய சக்கராவில், அதாவது உள்ளாற்றலில், மிச்சமிருந்த உயிர்ச்சாயல்.

அப்பா மினாட்டோ யார் என்று அவனுக்கு முன்பே தெரியும். பெயினோடு போரிட்டபோது, கோபத்தில் முத்திரையையே கிழிக்கப் போனவனைத் தடுக்க, இதே போல் முத்திரைக்குள்ளிருந்து சாயலாக வந்தவர் அவர். கிராமத்தைக் காத்த நான்காம் ஹோகாகேதான் தன் தந்தை என்று அறிந்த மகன் முதலில் செய்தது, அவர் வயிற்றில் ஒரு குத்து விட்டது. சொந்த மகனுக்குள் ஏன் அடைத்தீர்கள் என்ற அந்தக் கேள்வி நியாயமானது. அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி வேறு: நீங்களும் அப்பாவும் எப்படிக் காதலித்தீர்கள்? பதினாறு வருஷம் யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி அது. அவள் தன் சிவப்பு முடியைக் கேலி செய்த பையன்களைப் பற்றிச் சொல்கிறாள். பகைவர்கள் தன்னைக் கடத்திப் போனபோது வழியெல்லாம் முடி இழைகளை உதிர்த்துவிட்டுப் போனதையும், மினாட்டோ ஒருவன் மட்டும் அவற்றைக் கவனித்துப் பின்தொடர்ந்து வந்ததையும் சொல்கிறாள். அவளும் முன்பு அதே நரியைச் சுமந்தவள். சுமப்பவர் முதலில் தன்னை அன்பால் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு முன் சுமந்த மிட்டோ சொல்லிக்கொடுத்ததை மகனிடம் ஒப்படைக்கிறாள். அந்த பலத்தில்தான் அவன் நரியை அடக்குகிறான்.

பிறகுதான் பிறந்த இரவின் கதை வருகிறது. 500ஆவது அத்தியாயத்துக்கும் 53ஆம் தொகுதிக்கும் கிஷிமொட்டோ வைத்த தலைப்பு அவனுடைய பிறப்பைப் பற்றியதுதான். பிரசவத்தில் முத்திரை தளரும் நேரம் பார்த்து ஒரு முகமூடிக்காரன் வந்து நரியை அவிழ்த்துவிடுகிறான். நரியைத் தன்னோடு சாவுக்கு இழுத்துப் போகிறேன், நீ உயிரோடு இருந்து பிள்ளையை வளர் என்று குஷினா கெஞ்சுகிறாள். மினாட்டோ மறுக்கிறார். இவ்வளவு பெரிய பாரத்தை ஏன் இந்தப் பிள்ளைக்கு என்று அவள் வாதாடுகிறாள். நருட்டோ பிற்பாடு கேட்ட அதே கேள்வியை, அவன் தொட்டிலில் இருந்தபோதே அவனுக்காக அம்மா கேட்டிருக்கிறாள்! குழந்தையை நோக்கி வந்த நரியின் நகத்தைத் தங்கள் உடம்பால் தடுத்து நின்ற இருவரும் கடைசியாகப் பேசுகிறார்கள். அவள் வீர வசனம் எதுவும் சொல்லவில்லை. ஒழுங்காகச் சாப்பிடு, குளி, நேரத்தோடு தூங்கு, நல்ல நண்பர்களைத் தேடிக்கொள், காசில் கவனமாக இரு என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். நான் சொல்ல நினைப்பதும் அம்மா சொன்னதேதான் என்று முடித்துக்கொள்கிறார் அப்பா.

இந்தப் பகுதியின் மேல் ஒரு குறை சொல்பவர்கள் உண்டு. தோற்றுப்போன பையன் உழைத்து முன்னேறுகிறான் என்று தொடங்கிய கதை, அவனை ஹோகாகேயின் மகனாக்கி, கடைசியில் ஆதிகாலத்து ஆஷுராவின் மறுபிறவியாகவும் ஆக்கிவிட்டது என்பார்கள். விதி மாறாது என்று சொன்ன சக நின்ஜா நேஜியை ஆரம்பத்தில் அவன் எதிர்த்ததற்கு என்ன அர்த்தம்? ஆஷுரா விஷயத்தில் நான் அவர்கள் பக்கம். அது தேவையே இல்லாத ஒட்டு. ஆனால் பெற்றோர் கதையை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். குஷினா மகனுக்குக் கொடுத்தது வம்சப் பெருமை அல்ல. பிறந்த அன்றே அவன் வேண்டப்பட்டவன் என்ற செய்திதான் அது. அருவியில் கறுத்த கண்ணன் கேட்டதற்கு நிஜமான பதில் இங்கேதான் கிடைக்கிறது.

கிஷிமொட்டோவையும் இந்தக் குடும்பம் விடவில்லை. 2012இல் வந்த ‘ரோட் டு நின்ஜா’ படத்துக்கு அவரே கதை எழுதினார். அதில் நருட்டோ, பெற்றோர் உயிரோடிருக்கும் வேறோர் உலகத்தில் போய் விழுகிறான்.

மாங்கா பக்கமே போகாதவர்கள் 53ஆம் தொகுதியை மட்டும் எடுத்துப் படிக்க வேண்டாம். முதல் தொகுதியிலிருந்து வாருங்கள். நரியால் தன் பெற்றோரை இழந்த இருகா ஆசிரியர் நருட்டோவுக்காகத் தன் முதுகில் ஆயுதத்தை வாங்கிக்கொள்ளும் முதல் அத்தியாயத்தைப் படித்தவருக்குத்தான், அருவியில் நடக்கும் அணைப்பு முழுதாகக் கிடைக்கும்.