நகம் பதிந்திருக்கிறதா?

டீயை ஆறவிடாதீர்கள், குடித்துக்கொண்டே கேளுங்கள். முதுமலைப் பக்கம் மாயாற்றங்கரை ஈரமண்ணில் ஒரு காலடித்தடம் கிடக்கிறது என்று வையுங்கள். நான்கு விரல், அவற்றின் பின்னால் ஒரு மெத்தை. பார்த்த உடனே எல்லோரும் "எவ்வளவு பெரிசு!" என்பார்கள். அளவு இருக்கட்டும். முதலில் நகம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புலிக்கும் சிறுத்தைக்கும் நடக்கும்போது நகம் உறைக்குள் அடங்கியிருக்கும். இரை பிடிக்கிற ஆயுதம் அது, தரையில் தேய்ந்து மழுங்கக் கூடாது. செந்நாய், நரி, கழுதைப்புலிக்கு நகத்தை மடக்க வழியில்லை. விரலுக்கு முன்னால் புள்ளி புள்ளியாய் விழும். ஆனால் வழுக்கும் சேற்றில் புலியும் நகத்தை ஊன்றும். அதனால் மெத்தையையும் பாருங்கள்: பூனை இனத்துக்கு அதன் பின்விளிம்பில் மூன்று புடைப்பு இருக்கும். சந்தேகம் தீரவில்லையா? விலங்கு வந்த திசையில் நாலைந்து தடங்களைப் பாருங்கள். போன திசையில் வேண்டாம்.

கரடியின் பின்கால் தடம் மனிதப் பாதம்போலவே இருந்து பலரை ஏமாற்றிவிடும். நமக்குப் பெருவிரல் உள்பக்கம். கரடிக்கோ உள்பக்க விரல்தான் சின்னது. நகமும் விரலுக்கு முன்னால் குத்தியிருக்கும். மானுக்கும் காட்டுமாட்டுக்கும் பிளந்த குளம்பு. இரண்டில் எது என்பதை அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது யானைக்கணக்கு. வட்டமாக இருப்பது முன்கால், நீள்வட்டம் பின்கால். முன்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்து இரண்டால் பெருக்குங்கள். சுற்றளவு 4 அடி என்றால் தோள் உயரம் ஏறத்தாழ 8 அடி. யானையைப் பார்க்காமலே அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம்!

தடத்தை வைத்தே ஒவ்வொரு புலியையும் பிரித்தறியலாம் என்ற நம்பிக்கையில்தான் 1972இல் தடங்களை வரைந்தெடுத்து நாடு முழுவதும் புலிகளை எண்ணினார்கள். 1827 என்று கணக்கு வந்தது. ஆனால் ஒரே புலியின் கால் மணலில் ஒரு விதமாகவும் களிமண்ணில் வேறு விதமாகவும் பதியும். 2005இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில், ஏட்டில் புலிகள் இருந்தன, காட்டில் ஒன்றுகூட இல்லை. அதன்பிறகு தானியங்கிக் கேமராவில் உடல்வரிகளைப் பார்த்து எண்ணும் முறை வந்தது. அது சரியான முடிவு. தடம் இன்ன விலங்கு என்று சொல்லும். இன்ன புலி என்று அடையாளம் காட்டுவது வரிதான்.

இன்னொன்று: தடத்தின் விளிம்பு உதிராமல், உள்ளே தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தால் விலங்கு போய்ச் சில நிமிடம்தான் ஆகியிருக்கும். சத்தம் போடாமல், நீங்கள் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.