இலங்கையின் கடலோடு மரபும் காலிக் கடல்சார் அருங்காட்சியகமும்

இலங்கையின் காலிக் கோட்டையில், ஒல்லாந்தர் காலப் பண்டகசாலை ஒன்றில் கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. காலித் துறைமுகத்தில் 1659-இல் மூழ்கிய ‘அவொண்ட்ஸ்டர்’ என்னும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் குழுமக் கப்பலின் அகழாய்வுப் பொருள்கள் இத்துறையில் முதன்மையானவை. தென்னிந்தியாவுக்குப் பாக்கு ஏற்றிச்செல்ல நின்ற கப்பல் அது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காலியைத் தாக்கியபோது, கடலிலிருந்து மீட்கப்பெற்றவற்றுள் பல மீண்டும் கடலுக்கே போயின.

மூழ்கிய கலங்களை மட்டும் கொண்டு ஒரு தீவின் கடலோடு மரபை மதிப்பிடுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பழுதின்றிக் கரைசேர்ந்து, மூப்படைந்து, உடைக்கப்பட்ட கலங்கள் கடலடியில் தடயம் விடுவதில்லை. அவற்றை அறிய எழுத்துச் சான்றுகளையே நாட வேண்டும். அவற்றுள் தமிழுக்குரிய பங்கு பெரிது.

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ நிறுவிய, 1409-ஆம் ஆண்டுக்குரிய மும்மொழிக் கல்வெட்டு 1911-இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், பாரசீகம் ஆகியவற்றுடன் தமிழும் அதில் இடம்பெற்றுள்ளது. தமிழ்ப்பகுதி தெனாவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. தென்னிலங்கைத் துறையில் வணிகரோடு பேசும் மொழியாகத் தமிழ் கருதப்பட்டமைக்கு இது வலுவான சான்றாகும்.

12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு இன்னும் நுட்பமானது. யானை, குதிரை கொண்டுவரும் கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியது. சரக்குக் கலமாயின் சரிபாதி. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொணர்வோருக்கு அரசு காட்டிய சலுகை இவ்வேறுபாட்டில் வெளிப்படுகிறது. பரதேசிகள் ஊராத்துறைக்கே வர வேண்டும் என்னும் விதி, இன்றைய ஊர்காவற்றுறையின் பழமையையும் காட்டுகிறது.

இம்மரபு அண்மைக் காலம்வரை தொடர்ந்தது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் பணியாற்ற, அக்கப்பல் சூயஸ் கால்வாய் வழியாகச் சென்று 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்ட காலத்தில் ஒரு சிற்றூரின் தச்சர்கள் கட்டிய கலம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அத்தச்சர்களின் அறிவு பெரிதும் கைப்பழக்கத்தாலும் வாய்மொழியாலும் கைமாறியது. கலத்தின் முன்பகுதியைக் குறிக்கும் ‘அணியம்’, பாய் கட்டும் குறுக்குமரமாகிய ‘பருமல்’, பாயை இழுத்துக்கட்டும் கயிறாகிய ‘தாமான்’ போன்ற சொற்கள் அவ்வறிவின் எச்சங்கள். இவை அகராதிகளில் பொருளளவில் பதிவாகியுள்ளன. எக்காற்றுக்குத் தாமானை எவ்வளவு தளர்த்துவது என்பதை அகராதி சொல்லாது. அதனைக் கூறக்கூடிய மூத்த கடலோடிகளின் உரையை ஒலிப்பதிவு செய்து, கலத்தின் மாதிரியோடு இணைத்துக் காட்சிப்படுத்துவதே வடபுலத்தில் அமையும் எந்தக் கடல்சார் காட்சியகத்துக்கும் முதற்பணியாக இருத்தல் வேண்டும்.