நாடாவும் வட்டும் எழுதிய கணினிக் கணக்கு

1980களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த வீட்டுக் கணினிகள், மின்சாரம் நின்றவுடன் நினைவகத்தில் இருந்த அனைத்தையும் இழந்துவிடுபவை. ஆகவே எழுதிய நிரலை எதில் சேமிப்பது என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் எடுத்த முடிவு அதன் வணிகத்தையே பெரிதும் பாதித்தது.

மலிவான வழி, பாட்டுக் கேட்கும் கேசட்டுதான். மலாக்காத் தோட்ட லயங்கள்வரை கேசட் ரேடியோ புழங்கிய காலம் அது. 1982இல் வெளிவந்த சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம், நிரலை ஒலியாக மாற்றி நாடாவில் பதிந்தது. 48 கிலோபைட், அதாவது ஏறத்தாழ 48,000 எழுத்துகள் கொள்ளும் அதன் நினைவகத்தை நிரப்ப ஐந்து நிமிடம் பிடித்தது. ஒலியளவு பிசகினால் மீண்டும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஆயினும் பாடல் நாடாக்களைப் படியெடுக்கும் கூடங்களிலேயே விளையாட்டுகளையும் சொற்பச் செலவில் படியெடுக்க முடிந்ததால், பிரிட்டனில் ஸ்பெக்ட்ரமுக்கு மென்பொருள் வந்து குவிந்தது.

அமெரிக்காவிலோ ஆப்பிள் நிறுவனம் 1978இலேயே நெகிழ்வட்டு இயக்கியை, அதாவது காந்தப்பூச்சுள்ள மெல்லிய வட்டில் எழுதிப் படிக்கும் கருவியை, விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் சில்லுகள் செய்யும் வேலையின் பெரும்பகுதியை அந்நிறுவனப் பொறியாளர் ஸ்டீவ் வாஸ்னியாக் நிரலுக்கு மாற்றியதால் விலை கட்டுப்பட்டது. மறு ஆண்டு வந்த விசிகால்க் என்னும் கணக்குத்தாள் மென்பொருள் அலுவலகங்களையும் ஆப்பிள் பக்கம் இழுத்தது.

கொமடோர் 64 கணினியின் 1541 வட்டு இயக்கியோ நத்தை வேகத்தில் நகர்ந்தது. கொமடோரின் முந்தைய கணினியில் இருந்த ஒரு சில்லுக் கோளாற்றைச் சமாளிக்கச் செய்த மாற்று ஏற்பாடு இதிலும் தொடர்ந்ததால், நொடிக்கு ஏறத்தாழ 400 எழுத்துகளே கடந்தன. இயக்கியின் விலை சுமார் 400 டாலர், அன்றைய மதிப்பில் 900 ரிங்கிட்டுக்கு மேல். பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் பல மாதச் சம்பளம். அப்படியிருந்தும் கணினி விலை சரிந்துகொண்டே வந்ததால் விற்பனை குறையவில்லை.

உண்மையான சறுக்கல் 1984இல் சிங்க்ளேர் வெளியிட்ட கியூஎல் கணினியில் நேர்ந்தது. வட்டின் செலவுக்கு அஞ்சி, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் கொண்ட முடிவிலா நாடா வளையம் சுழலும் மைக்ரோடிரைவை அதில் பொருத்தினர். நாடா நாளடைவில் நீண்டு, பதிந்தவை படிக்க முடியாமல் போயின. அந்த நாடாவின் பொதியுறைகள் கேசட்டைவிடப் பன்மடங்கு விலை என்பதால் மென்பொருள் நிறுவனங்களும் தயங்கின. அலுவலகப் பயன்பாட்டுக்கென்று விற்ற கணினியில் இந்தச் சிக்கனம் பொருந்தாதது என்றே சொல்ல வேண்டும்.

1981இன் ஐபிஎம் கணினியிலும் கேசட் செருகுவாய் இருந்தது. அதை நாடியவர் அரிது. அதன் 160 கிலோபைட் வட்டு இயக்கிகளைத் தந்தது, இந்தியாவில் பிறந்த ஜூகி டாண்டன் நிறுவிய நிறுவனமாகும். தமிழுக்கும் இதில் பங்குண்டு. கணினிக்குள் நிலையாகப் பதித்திருந்தவை ஆங்கில எழுத்து வடிவங்களே என்பதால், தமிழ் வடிவங்களை ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. அதற்குக் கேசட்டின் காத்திருப்பு ஒத்துவராது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கியபோது, வட்டு இயக்கி கொண்ட கணினிகள் அலுவலகங்களில் வேரூன்றத் தொடங்கியிருந்தன.