ஒரு பாட்டில் ஒயின்ல நீங்க காசு கொடுக்கிறது எதுக்கு? ருசிக்கா, வரிக்கா, லேபிளுக்கா?



நம்ம தருமபுரியில யாரைக் கேட்டாலும் "ஒயின் ஷாப்" எங்க இருக்குன்னு வழி சொல்லிடுவாங்க. ஆனா அந்தக் கடையில போய் ஒயின் கேட்கிறவங்க ரொம்பக் குறைவு. 2003 நவம்பர்ல டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி தனியார் கடைகள் இருந்த காலத்துப் பெயர் அது. கடை மாறியும் பெயர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

இப்போ நிலைமை கொஞ்சம் மாறுது. பெங்களூரு, ஓசூர்னு வேலைக்குப் போற நம்ம பசங்க, பொண்ணுங்க டீம் டின்னர்ல முதல் தடவையா நிஜமான ஒயினைப் பார்க்கறாங்க. மெனு கார்டுல பேரு வாயில நுழையல, விலை கண்ணைக் கட்டுது. "விலை கூடினது நல்லாத்தான் இருக்கும்"னு நினைச்சு ஒண்ணை ஆர்டர் பண்ணிட்டு, மாசக் கடைசியில கார்டு பில்லைப் பார்க்கிறாங்க.

இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். ஒயின்ல விலை எங்கிருந்து வருது, உங்களுக்குப் பிடிச்சதைக் குறைஞ்ச செலவுல எப்படிக் கண்டுபிடிக்கிறது, சட்டமும் இன்சூரன்ஸும் என்ன சொல்லுது, எல்லாத்தையும் பார்த்துடலாம்.

முதல்லயே ஒண்ணு. இது குடிக்கச் சொல்ற பதிவு இல்ல. உடம்புக்குப் பாதுகாப்பான அளவுன்னு மதுவுல எதுவும் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில சொல்லியிருக்கு. குடிக்காதவங்க தயவுசெஞ்சு இதைப் படிச்சு ஆரம்பிக்க வேண்டாம். தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு விற்கவும் கூடாது. ஏற்கெனவே எப்பவாவது ஒரு கிளாஸ் எடுக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

விலை எப்படி ஏறுது?

மனிதர் குடிக்கிற மது ஜி.எஸ்.டி.க்குள்ள வரல. மாநில அரசோட ஆயத்தீர்வையும் வாட் வரியும்தான். அதனாலதான் ஒரே பாட்டில் கர்நாடகாவுல ஒரு விலை, இங்க ஒரு விலை, கோவாவுல இன்னொரு விலை.

வெளிநாட்டு ஒயின்னா அதுக்கு மேல சுங்க வரி 150 சதவீதம். 2021 பட்ஜெட்டுல அடிப்படை வரியை 50 ஆக்கி, விவசாய உள்கட்டமைப்பு செஸ்னு 100 சேர்த்தாங்க. மொத்தம் அதே 150தான்.

ஒரு உதாரணக் கணக்கு. கப்பல்ல வந்து இறங்கும்போது ஒரு பாட்டிலோட மதிப்பு 500 ரூபாய்னு வைப்போம். சுங்க வரி 750. ஆக 1,250. இறக்குமதியாளர் லாபம், மாநில வரி, கடை லாபம் எல்லாம் இன்னும் சேரவே இல்ல. கடைசியில 2,000 ரூபாய் கொடுத்து வாங்கினாலும், பாட்டில் உள்ளே இருக்கிற சரக்கோட மதிப்பு அதே 500தான். ஆக, "2,000 ரூபா ஒயின், 1,000 ரூபா ஒயினைவிட ரெண்டு மடங்கு நல்லா இருக்கும்"ங்கிற கணக்கு ஆரம்பத்துலயே தப்பு.

ஆஸ்திரேலியா விஷயத்துல ஒரு சலுகை இருக்கு. 2022 டிசம்பர் 29ல அமலுக்கு வந்த வர்த்தக ஒப்பந்தப்படி, பாட்டிலோட இறக்குமதி மதிப்பு 5 டாலருக்கு மேல இருந்தா வரி 100 சதவீதமாவும், 15 டாலருக்கு மேல இருந்தா 75 சதவீதமாவும் குறைஞ்சது. பத்து வருஷத்துல படிப்படியா இது 50க்கும் 25க்கும் இறங்கும். வெளிநாட்டு ஒயின்தான் வேணும்னா, முதல்ல ஆஸ்திரேலியா பாட்டிலைப் பாருங்க.

நம்ம நாட்டு ஒயினுக்குச் சுங்க வரியே கிடையாது. நாசிக்ல சூலா, சோலாப்பூர் மாவட்டம் அக்லுஜ்ல ஃப்ராடெல்லி, நந்தி மலை அடிவாரத்துல குரோவர் ஜம்பா. கொடுக்கிற காசுல பெரிய பங்கு திராட்சைக்கும் வேலைக்கும் போகணும்னு நினைச்சா, இங்கிருந்து தொடங்கறதுதான் புத்திசாலித்தனம்.

விலை நாக்கை ஏமாத்தும்

இது என் கருத்து மட்டும் இல்ல. 2008ல வந்த ஒரு ஆய்வுல, விலை தெரியாம கண்ணை மூடி ருசி பார்த்த 6,000க்கும் மேற்பட்ட மதிப்பெண்களை அலசினாங்க. பயிற்சி இல்லாத சாதாரண ஆளுங்க, விலை கூடின ஒயினுக்குக் கூடுதல் மார்க் போடல. சொல்லப்போனா, கொஞ்சம் குறைவாத்தான் போட்டாங்க.

அதே வருஷம் கலிஃபோர்னியாவுல இன்னொரு சோதனை. ஒரே ஒயினை 10 டாலர்னு ஒரு தடவை, 90 டாலர்னு ஒரு தடவை சொல்லிக் கொடுத்தாங்க. 90 டாலர்னு கேட்டதும் ருசி கூடிடுச்சு! மூளை ஸ்கேன்லயும் அந்த சந்தோஷம் தெரிஞ்சது. அதாவது பொய் சொல்லல, நிஜமாவே நல்லா இருக்கிற மாதிரி உணர்ந்தாங்க. விலைச்சீட்டு செய்யுற வேலை அது.

நிபுணர்களும் விதிவிலக்கு இல்ல. 1976 மே 24ல பாரிஸ்ல நடந்த போட்டியில, லேபிளை மறைச்சுக் கொடுத்தப்போ பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியா ஒயினுக்கு முதலிடம் கொடுத்துட்டாங்க. லேபிள் தெரிஞ்சிருந்தா அப்படி நடந்திருக்குமான்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

நாலு பேர், ஒரு பாட்டில், ஒரு எக்செல்

சரி, அப்போ பிடிச்சதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு பாட்டில் 750 மில்லி. ஒரு கிளாஸ் 150 மில்லின்னா அஞ்சு கிளாஸ். 1,000 ரூபாய் பாட்டில்னா ஒரு கிளாஸ் 200 ரூபாய்தான். அதே கிளாஸை ஹோட்டல்ல வாங்கினா இதுக்குப் பல மடங்கு ஆகும்.

நாலு நண்பர்கள் சேருங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஆளுக்கு 300 ரூபாய். மொத்தம் 1,200ல ஒரு பாட்டிலும் கொஞ்சம் கொறிக்கிறதும் வந்துடும். வருஷத்துக்கு ஆறு புது ஒயின் ருசிச்சிருப்பீங்க, ஆளுக்குச் செலவு 1,800 ரூபாய். தனியா ஆறு பாட்டில் வாங்கியிருந்தா 6,000. அதைவிட முக்கியம், குடிச்ச அளவும் ஒரு பங்குதான்.

பாட்டிலை நியூஸ்பேப்பர்ல சுத்திடுங்க. விலையை வாங்கினவர் மட்டும் வெச்சுக்கட்டும். எல்லாரும் பத்துக்கு மார்க் போட்ட பிறகு பேப்பரைப் பிரிங்க. எக்செல்ல அஞ்சே காலம் போதும்: பெயர், திராட்சை வகை, விலை, மார்க், "திரும்ப வாங்குவேனா?". ஆறு பாட்டில் முடிஞ்சதும் மார்க்கை விலையால வகுத்துப் பாருங்க. 900 ரூபாய்க்கு 7 மார்க் வாங்கினது, 2,200 ரூபாய்க்கு 7 மார்க் வாங்கினதைவிட உங்களுக்கு நல்ல ஒயின். அவ்ளோதான்.

புதுசு தேடும்போது பிராண்டைவிடத் திராட்சை வகையைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. வெள்ளையில செனின் ப்ளாங்க், சாவிஞோன் ப்ளாங்க். சிவப்புல ஷிராஸ், கேபர்னே சாவிஞோன். ஷிராஸ் பிடிச்சிருந்தா அடுத்த தடவை வேற கம்பெனி ஷிராஸ். ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்தினாத்தான் எது பிடிச்சதுன்னு தெரியும்.

நம்ம சாப்பாட்டுக்கு ரெண்டு குறிப்பு. சிவப்பு ஒயின்ல இருக்கிற துவர்ப்பு காரத்தோட சேர்ந்தா வாய் இன்னும் எரியும். சிக்கன் 65 மாதிரி காரத்துக்கு, லேசா இனிப்பு இருக்கிற குளிர்ந்த வெள்ளை ஒயின் பொருந்தும். மட்டன் சுக்காவுக்கு ஷிராஸ் தாங்கும். அடுத்தது வெப்பம். "சிவப்பு ஒயினை அறை வெப்பத்துல குடி"ன்னு சொன்னது ஐரோப்பாவோட 16, 18 டிகிரி அறைக்கு. நம்ம ஊர் மே மாச அறைக்கு இல்ல! அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு எடுங்க. திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சா மூணு, நாலு நாள் தாங்கும். அதனால இன்னைக்கே காலி பண்ணணும்னு அவசியமே இல்ல.

பகிர்ந்து குடிக்கிறதுன்னதும் எனக்கு நம்ம தகடூர் அதியமான் ஞாபகம்தான் வரும். அவன் இறந்தப்போ ஔவையார் பாடினது புறநானூற்றுல இருக்கு. கள் கொஞ்சமா இருந்தா தனக்கே கொடுத்துடுவானாம், நிறைய இருந்தா தன்னைப் பாடவெச்சுக் கேட்டுக்கிட்டே சேர்ந்து குடிப்பானாம். எந்த ஊர்க் கள்ளு, என்ன விலைன்னு அந்தப் பாட்டுல இல்ல. யார்கூடன்னுதான் இருக்கு.

பெங்களூருல வாங்கி பையில போட்டுட்டு வரலாமா?

இதுதான் நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு ரொம்ப முக்கியமான பகுதி. "அங்க விலை கம்மி, ரெண்டு பாட்டில் தானே"ன்னு நினைக்காதீங்க. வெளிமாநில மதுவை அனுமதி இல்லாம தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு வர்றது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் 1937ல வந்தது. அக்டோபர் 1ல முதன்முதலா அமலானது அன்றைய சேலம் மாவட்டத்துல. தருமபுரி அப்போ சேலத்தோடதான் இருந்தது, 1965லதான் பிரிஞ்சது. அதாவது, மதுவிலக்கு தொடங்கினதே நம்ம மண்ணுலதான்.

வண்டியைப் பறிமுதல் பண்ணவும் சட்டத்துல இடம் இருக்கு. 300 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், லோன்ல வாங்கின பைக் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கும், இ.எம்.ஐ. மட்டும் நிக்காது. பேர்ல ஒரு வழக்கு விழுந்தா, அடுத்த கம்பெனியோட பின்னணிச் சரிபார்ப்பு, பாஸ்போர்ட் விசாரணைன்னு எல்லா இடத்துலயும் பதில் சொல்லணும். கர்நாடகா ஒயினை ருசி பார்க்கணும்னா கர்நாடகாவுலயே பாருங்க. திராட்சைத் தோட்டச் சுற்றுலாவுல ஒரே நாள்ல சின்னச் சின்ன அளவுல நாலஞ்சு வகை கொடுப்பாங்க. போகும்போது குடிக்காத ஒருத்தர் வண்டி ஓட்டட்டும். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமைத் தாண்டினா, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ.

ஹோட்டல் பில்லை இப்படிப் படிங்க

சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி., மதுவுக்கு வாட். ரெண்டும் தனித்தனி வரியில இருக்கணும். மொத்தத் தொகை மேல ஜி.எஸ்.டி. போட்டிருந்தா, தயங்காம கேட்டு மாத்தச் சொல்லுங்க. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில வெளியிட்ட வழிகாட்டுதலை, 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செஞ்சிருக்கு. பிடிச்சிருந்தா கொடுங்க, இல்லன்னா எடுக்கச் சொல்லுங்க.

இன்சூரன்ஸ் படிவத்துல "இல்லை"ன்னு டிக் பண்ணாதீங்க

டேர்ம் பாலிசி, ஹெல்த் பாலிசி எடுக்கும்போது, மது குடிப்பீங்களா, வாரத்துக்கு எவ்வளவுன்னு கேட்பாங்க. "ஒயின் தானே, இதெல்லாம் குடியா?"ன்னு இல்லைன்னு போடுறவங்க நிறைய. ஏஜென்ட்டும் "எதுக்கு சார் வம்பு"ம்பார். வம்பு பின்னாடிதான் வரும்.

2025 மார்ச்ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. நீண்டகாலக் குடிப்பழக்கத்தை மறைச்சு எடுத்த எல்.ஐ.சி. ஹெல்த் பாலிசியில, கிளெய்மை நிராகரிச்சது சரிதான்னு சொல்லிட்டாங்க. அது கடுமையான குடிப்பழக்கம், உங்க மாசம் ரெண்டு கிளாஸ் வேற. ஆனா படிவத்துல இருக்கிற கேள்வி ஒண்ணுதான். இன்சூரன்ஸ் சட்டம் 45வது பிரிவுப்படி, லைஃப் பாலிசியில முதல் மூணு வருஷம் கம்பெனி கேள்வி கேட்கலாம். அந்த மூணு வருஷத்துல உங்களுக்கு ஏதாவது ஆனா, பதில் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க, உங்க அம்மாவோ மனைவியோதான் அலையணும். உண்மையை எழுதினா, அதிகபட்சம் பிரீமியம் கொஞ்சம் கூடலாம். கூடட்டும்.

"ஒயின் நல்ல முதலீடு"ன்னு சொல்றாங்களே?

பாட்டிலை வாங்கி வெச்சு விக்கிறதை மறந்துடுங்க. லைசென்ஸ் இல்லாம மது விக்கிறது குற்றம். கடையில கிடைக்கிற பெரும்பாலான ஒயின் சில வருஷத்துக்குள்ள குடிக்கவே தயாரிச்சது, நம்ம வெயில்ல வெச்சா வினிகர் பக்கம்தான் போகும்.

பங்கு? சூலா 2022 டிசம்பர்ல 357 ரூபாய்க்கு ஐ.பி.ஓ. வந்தது. அது முழுக்க ஏற்கெனவே பங்கு வெச்சிருந்தவங்க வித்த பங்கு, கம்பெனிக்குப் பணம் போகல. 2024 தொடக்கத்துல 600ஐத் தாண்டிச்சு, 2025ல வெளியீட்டு விலைக்கே கீழ இறங்கிச்சு. ஒயின் பிடிச்சிருக்குங்கிறது, பங்கு வாங்க ஒரு காரணம் இல்ல. பேலன்ஸ் ஷீட்டுக்கு ருசி கிடையாது.

சுருக்கமா

சம்பளம் வந்ததும் எமர்ஜென்சி ஃபண்ட், இன்சூரன்ஸ், எஸ்.ஐ.பி. போனபிறகு மிச்சமிருக்கிற சந்தோஷச் செலவுக்குள்ளதான் ஒயின் வரணும். கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யில ஒரு கிளாஸ்கூட வரக்கூடாது. உள்நாட்டு ஒயின்ல தொடங்குங்க, லேபிளை மறைச்சு ருசிங்க, மார்க்கை எழுதி வைங்க, நாலு பேரோட பகிருங்க. எல்லை தாண்டி எடுத்துட்டு வராதீங்க, படிவத்துல மறைக்காதீங்க.

அடுத்த டீம் டின்னர்ல மெனு கார்டு உங்க கைக்கு வந்தா, விலை குறைவா இருக்கிறதைத் தயங்காம ஒரு கிளாஸ் மட்டும் சொல்லுங்க. வீட்டு எக்செல்ல ஏழு மார்க் வாங்கினது அதுதான்னு உங்களுக்குத் தெரியும்.

ஹோட்டல் பில் படிக்கிற பகுதியைத் தனி வீடியோவா போடுறேன்.